உங்கள் நகரத்தில் பேய்மழை கூடியிருக்கிறதா? பழைய பதிவேட்டை வைத்து நீங்களே பார்க்கும் முறை

ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் "என் வாழ்நாளில் இப்படி ஒரு மழையைப் பார்த்ததில்லை" என்று யாராவது சொல்வார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர் மனதில் தங்குவது தண்ணீரின் உயரம்தான். அன்று எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதல்ல. ஏரியைத் தூர்த்து, மண்ணை கான்கிரீட்டால் மூடிய ஊரில், தாத்தா காலத்தில் பெய்த அதே மழைக்கே இன்று வீட்டுக்குள் தண்ணீர் வரும். மழை மாறியதா, தரை மாறியதா என்று பிரித்துப் பார்க்காமல் கட்டும் வடிகால் எதுவும் சரியாக அமையாது.

நான் மழைநீர் வடிகால் வடிவமைப்பில் வேலை செய்பவன். குழாய் எவ்வளவு அகலம் வேண்டும் என்பதை முடிவு செய்யும் எண் ஒரு பழைய மழைப் பதிவேட்டிலிருந்துதான் வருகிறது. அந்த எண் இன்றைக்கும் பொருந்துமா என்று எனக்கே சந்தேகம் வந்தபோதுதான் இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டேன். எக்செல் தெரிந்த, கொஞ்சம் பொறுமை உள்ள யாரும் இதைச் செய்யலாம். ஆசிரியர்கள், மாணவர்கள், குடியிருப்போர் நலச் சங்கத்தினர் எல்லாரும் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

முதல் வேலை, கேள்வியைச் சரியாகக் கேட்பது. "மழை கூடியிருக்கிறதா?" என்று கேட்டால் எல்லாரும் ஆண்டு மொத்தத்தை எடுத்துப் பார்ப்பார்கள். மொத்தம் அப்படியே இருக்கும்போதே மழை நாட்கள் குறைந்து, பெய்யும் நாளில் கொட்டித் தீர்க்கலாம். அதனால் மொத்தத்தைத் தள்ளி வையுங்கள். ஒவ்வோர் ஆண்டிலும் ஒரே நாளில் பெய்த அதிகபட்ச மழை எவ்வளவு? தொடர்ந்து 5 நாட்களில் பெய்த அதிகபட்சம் எவ்வளவு? முதலாவது சாலையையும் சுரங்கப்பாதையையும் மூழ்கடிக்கும். இரண்டாவது ஆற்றையும் ஏரியையும் உடைக்கும். உலகெங்கும் தட்பவெப்ப ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் பயன்படுத்துவதால், உங்கள் முடிவை வேறு நகரங்களோடு ஒப்பிடவும் முடியும்.

மூன்றாவதாக, ஒரு வரம்பைத் தாண்டிய நாட்களை எண்ணலாம். இந்திய வானிலை ஆய்வுத் துறை 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தொட்டால் கனமழை என்றும், 115.6 தொட்டால் மிக கனமழை என்றும், 204.5 தொட்டால் அதி கனமழை என்றும் சொல்கிறது. ஆனால் வறண்ட ஊரில் 64.5 என்பது பத்தாண்டுக்கு ஒரு முறை வரும் பேரிடர். மலையடிவார ஊரில் அது சாதாரண நாள். அதனால் உங்கள் ஊரின் மழை நாட்களை மட்டும் எடுத்து (1 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாட்கள்), அவற்றில் 95ஆவது சதமானம் (நூறு மழை நாட்களில் 95 நாட்கள் எந்த அளவுக்குக் கீழே இருக்கின்றனவோ, அந்த அளவு) எங்கே விழுகிறது என்று பார்த்து, அதையே வரம்பாக வையுங்கள். அந்த வரம்பை ஒரு குறிப்பிட்ட 30 ஆண்டுக் காலத்திலிருந்து எடுத்து, பிறகு மாற்றவே கூடாது.

தினசரி மழை அளவு எங்கே கிடைக்கும்? நாட்டின் வானிலைத் துறையிடம் கேட்பது முதல் வழி. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா பராமரிக்கும் ஜிஹெச்சிஎன்-டெய்லி தொகுப்பில் உலகெங்கும் உள்ள நிலையங்களின் அளவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அணைக்கட்டு, ரயில்வே, வேளாண் கல்லூரி, தோட்ட நிறுவனம் என்று மழை அளந்தவர்கள் பலர். அவர்களுடைய காகிதப் பதிவேடுகள் அலமாரிகளில் கிடக்கும். செயற்கைக்கோள் அளவுகளும் உண்டு. ஆனால் அவை கால் நூற்றாண்டு அளவுக்கே நீளமானவை. அவை நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து, சதுரத்துக்கு ஓர் அளவு தருகின்றன; ஒரு சதுரத்தின் பக்கம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். பழைய வானிலையைக் கணினி மாதிரியால் மீட்டுருவாக்கும் ஈரா5 போன்ற தொகுப்புகள் 1940 வரை பின்னோக்கிப் போகின்றன என்றாலும் அதன் சதுரம் 31 கிலோமீட்டர். ஒரு பேட்டையின் மேல் மட்டும் கொட்டிய மழையை அது பரப்பிக் கரைத்துவிடும். நீண்ட காலப் போக்குக்கு மண்ணில் நிற்கும் மழைமானிக்கு மாற்று இல்லை. குறைந்தது 50 ஆண்டு இருந்தால் நல்லது. 30க்குக் கீழே என்றால் போக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஒரே மானியை மட்டும் நம்பவும் வேண்டாம். மும்பையில் 2005 ஜூலை 27 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸ் நிலையம் 944 மி.மீ. பதிவு செய்தது. அதே நகரத்தின் தென்முனையிலுள்ள கொலாபாவில் ஏறத்தாழ 74 மி.மீ.தான். கொலாபாவை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த நாள் ஒரு சாதாரண மழை நாள்.

பதிவேட்டைக் கண்ணால் படியுங்கள்

எல்லாரும் அவசரமாகத் தாண்டிப் போகும் இடம் இது. என்னைக் கேட்டால், மொத்த வேலையில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள் என்றால் 60 ஆண்டுக்கு 60 எண்கள். 21,900க்கும் மேற்பட்ட நாட்களிலிருந்து நீங்கள் எடுக்கப்போவது அந்த 60 மட்டுமே. அதில் நாலைந்து தப்பாக இருந்தால் உங்கள் போக்கே தலைகீழாகிவிடும். சராசரி மழையில் ஒரு தப்பு கரைந்து போகும். உச்ச மழையில் தப்புதான் உச்சமாகவே மேலே வந்து உட்காரும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நிலையத்தின் பழைய பதிவேட்டைக் கணினியில் ஏற்றியபோது ஒரு மாதத்தில் 212.0 என்று ஓர் எண் வந்தது. அந்த நிலையத்தின் வரலாற்றிலேயே பெரிய ஒற்றை நாள் மழை. அதை வைத்தே ஓர் அறிக்கையும் எழுதி முடித்துவிட்டேன். பிறகு மூலப் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த எண்ணுக்கு மேலே மூன்று கட்டங்கள் காலி. நான்கு கட்டங்களையும் சேர்த்து ஓரத்தில் பென்சிலால் ஒரு மெல்லிய வளைகோடு. மூன்று நாள் மானியைப் படிக்க ஆள் வரவில்லை. நாலாம் நாள் வந்தவர் சேர்ந்திருந்த மொத்தத் தண்ணீரையும் அளந்து எழுதியிருக்கிறார். எழுதியவர் நேர்மையாகக் கோடும் போட்டு வைத்திருக்கிறார். தட்டச்சு செய்தபோது கோடு விடுபட்டுவிட்டது, எண் மட்டும் தங்கிவிட்டது. அறிக்கையைத் திரும்பப் பெற்றேன். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டின் உச்ச நாளையும் மூலப் பக்கத்தில் பார்க்காமல் நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்படிப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில. காலிக் கட்டம் வேறு, சுழியம் வேறு. மழை இல்லை என்றால் 0.0 இருக்க வேண்டும். காலி என்றால் அளக்கவில்லை என்று பொருள். கணினிக் கோப்புகளில் இரண்டும் ஒன்றாகிவிடுவது சகஜம். பழைய ஏடுகள் அங்குலத்தில் இருக்கும்: 1.37 அங்குலம் என்பது 34.8 மி.மீ. புள்ளி அழிந்து போய், அலகும் மாறாமல், 137 மி.மீ. என்று ஏறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே நாளில் பக்கத்து நிலையங்கள் என்ன சொல்கின்றன, அன்றைய செய்தித்தாள் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 200 மி.மீ. பெய்த நாளைச் செய்தித்தாள் சும்மா விடாது.

காலியாக உள்ள நாட்களை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். ஓர் ஆண்டில் 10 நாள் காலி என்றால் சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் அவை எந்த நாட்கள்? வெள்ளத்தில் வழி அடைபட்டு, மானியைப் படிக்கப் போக முடியாமல் போன நாளாக இருந்தால், அந்த ஆண்டின் மிகப் பெரிய மழையே பதிவேட்டில் இல்லாமல் போயிருக்கும். மழைக்காலத்தில் காலி நாட்கள் விழுந்த ஆண்டை, பக்கத்து நிலையங்களை வைத்துச் சரிபார்க்க முடியாவிட்டால், விட்டுவிடுங்கள். கோடையில் காலி என்றால் பெரும்பாலும் பாதகமில்லை. இதற்கு இத்தனை சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு விதி வைப்பது எனக்குப் பிடிக்காது.

நிலையத்தின் வரலாற்றையும் கேளுங்கள். இடம் மாறியதா? சுற்றிக் கட்டடம் எழும்பியதா? ஒரு தடை எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாத தூரத்தில் மானி நிற்க வேண்டும். நகரம் வளர வளர இது மெல்ல மெல்ல மீறப்படும். கையால் அளந்த மானிக்குப் பதிலாகத் தானியங்கி மானி வந்த ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள சின்னக் கிண்ணம் நிரம்பிக் கவிழும் ஒவ்வொரு நொடியிலும் கொஞ்சம் தண்ணீர் எண்ணப்படாமல் போகும். கனமழையில் இந்த இழப்பு கூடும். அதாவது, நமக்கு வேண்டிய நாட்களில்தான் அது குறைத்துக் காட்டும்.

இன்னொன்று. பதிவேட்டின் "நாள்" நள்ளிரவில் தொடங்குவதில்லை; பெரும்பாலும் காலையில் அளக்கும் நேரத்தில் தொடங்கும். விடிய விடியப் பெய்த மழை இரண்டு கட்டங்களாக வெட்டுப்பட்டுப் போகும். உண்மையான 24 மணி நேர உச்சத்தை மதிப்பிட, தினசரி உச்சத்தை 1.13ஆல் பெருக்குவது நீரியலில் பல காலமாக உள்ள வழக்கம். போக்கைப் பார்க்க இந்தப் பெருக்கல் தேவையில்லை. அளக்கும் நேரம் நடுவில் மாறவில்லை என்பதை மட்டும் உறுதி செய்யுங்கள். உங்கள் ஊரின் மழைக்காலம் டிசம்பரைத் தாண்டிப் போகுமானால், ஜனவரியில் ஆண்டைத் தொடங்காமல் வறண்ட மாதத்தில் தொடங்குங்கள்.

கணக்கு

இப்போது கையில் ஆண்டுக்கு ஓர் எண். வரைபடம் போட்டு நடுவே கோடு இழுக்க மனம் பரபரக்கும். எக்செல் தரும் சாதாரண நேர்கோடு வேண்டாம். கடைசியில் ஒரு பேய்மழை ஆண்டு இருந்தால் அது கோட்டையே தன் பக்கம் இழுத்துவிடும். மான்–கெண்டால் சோதனை என்று ஒன்று உண்டு. பெயர்தான் பெரிது, செயல் எளிது. புரிவதற்காக ஆறு ஆண்டுகளுக்கு நானாக எழுதிய எண்கள்: 82, 110, 74, 131, 96, 140. ஒவ்வோர் ஆண்டையும் அதற்குப் பின்னால் வரும் எல்லா ஆண்டுகளோடும் ஒப்பிடுங்கள். பின்னால் வந்தது பெரிதானால் +1, சிறிதானால் −1. மொத்தம் 15 ஜோடி, 11 ஏற்றம், 4 இறக்கம், வித்தியாசம் 7. இந்த 7 தற்செயலாகவே வரக்கூடியதா? n(n−1)(2n+5)/18 என்ற வாய்பாட்டில் n என்பது ஆண்டுகளின் எண்ணிக்கை; n = 6 போட்டால் 28.3, அதன் வர்க்கமூலம் 5.3. ஏழிலிருந்து ஒன்றைக் கழித்து 5.3ஆல் வகுத்தால் 1.13. இது 1.96ஐத் தாண்டினால்தான் 95 சதவீத நம்பிக்கையோடு போக்கு உண்டு என்று சொல்வது வழக்கம். தாண்டவில்லை.

எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதற்கு அதே 15 ஜோடிகளிலும் வித்தியாசத்தை இடைப்பட்ட ஆண்டுகளால் வகுத்து, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். சென் சாய்வு என்பது இதுதான். இங்கே அது ஆண்டுக்கு 10.5 மி.மீ. 50 ஆண்டுக்கு நீட்டினால் 525 மி.மீ. கூடுதல் என்று வரும்! நம்பவே முடியாத எண். வரைபடத்தில் ஏறுமுகமாகத் தெரிந்த ஆறு புள்ளிகள் எப்படி ஏமாற்றும் என்பதைக் காட்டத்தான் இந்த எடுத்துக்காட்டு. உங்கள் 60 ஆண்டுகளுக்கு 1,770 ஜோடிகள் வரும். அதைக் கையால் செய்ய வேண்டாம், ஆர், பைதான் என்ற இரண்டு கணினி மொழிகளிலும் இதற்கான இலவசத் தொகுப்புகள் இருக்கின்றன. ஆனால் ஒரு முறையாவது ஆறு எண்களை வைத்துக் கையால் செய்து பாருங்கள். பிறகு கணினி என்ன சொல்கிறது என்பது புரியும்.

இருபது நிலையங்களைச் சோதித்தால், எதுவுமே மாறாத உலகிலும் ஏதோ ஒன்று தற்செயலாக "போக்கு உண்டு" என்று காட்டும். அந்த ஒன்றை மட்டும் தூக்கிப்பிடித்துத் தலைப்பு போடாதீர்கள். எத்தனை நிலையங்கள் ஒரே திசையில் நகர்கின்றன என்பதே அதைவிடப் பெரிய சாட்சி.

எவ்வளவு மாற்றத்தை எதிர்பார்க்கலாம் என்ற அளவுகோலும் மனதில் இருக்கட்டும். காற்று 1 டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, தொழிற்புரட்சிக்கு முன் நிலப்பகுதிகளில் சராசரியாகப் பத்தாண்டுக்கு ஒரு முறை வந்த ஒரு நாள் கனமழை, 1 டிகிரி சூடான உலகில் 1.3 மடங்கு அடிக்கடி வருகிறது, 6.7 சதவீதம் கூடுதலாகப் பெய்கிறது. 2 டிகிரியில் 1.7 மடங்கு, 14 சதவீதம். ஆண்டுக்கு ஆண்டு உச்ச மழை இரண்டு மூன்று மடங்கு ஏறி இறங்கும் ஒரே நிலையத்தில் 7 சதவீதத்தைக் கண்டுபிடிப்பது, அலையடிக்கும் குளத்தில் நீர்மட்டம் ஒரு விரற்கடை ஏறியதைப் பார்ப்பது போன்றது. அதனால் உங்கள் நிலையத்தில் போக்கு தெரியாவிட்டால் "மாற்றமே இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். "இந்த நீளத்துப் பதிவில் தெரியவில்லை" என்பதே சரியான வாக்கியம்.

நூறு ஆண்டுக்கு ஒரு முறை

உச்ச மழைகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மொத்த ஆண்டுகளோடு ஒன்றைக் கூட்டி வரிசை எண்ணால் வகுத்தால், அந்த அளவு எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை வரும் என்ற தோராய மதிப்பு கிடைக்கும். 60 ஆண்டில் முதலிடம்: 61. மூன்றாமிடம்: சுமார் 20. பதிவேட்டை இரண்டு பாதியாகப் பிரித்து, இரண்டிலும் 10 ஆண்டு மழை (10 ஆண்டுக்கு ஒரு முறை வரும் அளவு) எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். வடிகால் பொறியாளருக்கு மிகவும் பயன்படும் எண் இதுதான். 100 ஆண்டு மழைக்கு உச்சமதிப்புப் பரவல் என்ற புள்ளியியல் வளைவைப் பொருத்த வேண்டும்; அப்போது பிழை எல்லையையும் சேர்த்தே எழுதுங்கள். 60 ஆண்டுப் பதிவிலிருந்து நூறை எட்டுவது கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குக் கோட்டை நீட்டுவதுதான்.

நூறு ஆண்டு மழை என்ற சொல் மக்களைத் தவறாக நம்ப வைக்கிறது. போன வருடம் வந்துவிட்டது, இனி 99 ஆண்டு நிம்மதி என்று பொருளில்லை. ஆண்டுதோறும் 1 சதவீத வாய்ப்பு என்பதே பொருள். 30 ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் அது ஒரு முறையாவது வர 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அந்த அளவே மாறவும் செய்யும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நீண்ட பதிவுகளைச் சேர்த்து 2018இல் புதிதாகக் கணக்கிட்டபோது, நூறு ஆண்டுக்கு ஒரு முறை வரும் 24 மணி நேர மழை 13 அங்குலத்திலிருந்து சுமார் 18 அங்குலமாக உயர்ந்தது. பழைய எண்ணை நம்பிக் கட்டிய எல்லாமே ஒரே நாளில் போதாததாகிவிட்டது.

நகரமா, உலகமா?

போக்கு தெரிந்துவிட்டது என்று வையுங்கள். அதற்குக் காரணம் சூடாகும் உலகமா, அந்த நகரமேவா? நகரம் தன் சுற்றுப்புறத்தைவிடச் சூடானது. கட்டடங்கள் காற்றைத் தடுத்து மேலே தள்ளும். புகையும் தூசும் மேகத்துளிகளின் அளவை மாற்றும். 1970களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சுற்றி மழைமானிகளை நெருக்கமாக நிறுத்திப் பார்த்த மெட்ரோமெக்ஸ் ஆய்வு, காற்று வீசும் திசையில் நகரத்துக்கு அப்பால் கோடை மழை கூடியதைக் கண்டது. அதற்கு முன்பே, 1968இல், ஸ்டான்லி சாங்னன் சிகாகோவின் இரும்பாலைகளுக்குக் கிழக்கே உள்ள லா போர்ட் என்ற சிற்றூரில் மழை வழக்கத்துக்கு மாறாகக் கூடியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். உடனே எழுந்த கேள்வி, மழை அளந்தவர் சரியாக அளந்தாரா என்பதுதான். அந்த வாதம் பல ஆண்டுகள் நடந்தது. பதிவேட்டைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் செய்யக்கூடியது இது: நகருக்குள் இரண்டு மூன்று நிலையங்கள், 50–100 கிலோமீட்டர் தள்ளி, அதே உயரத்தில், கடலிலிருந்து அதே தூரத்தில் உள்ள கிராமப்புற நிலையங்கள் இரண்டு மூன்று. இரு தரப்பும் ஒன்றாகவே கூடினால் அது பரந்த மாற்றம். நகரத்திலும் அதன் காற்றுத் திசையிலும் மட்டும் கூடினால் நகரத்தின் கை இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதை அழிக்காதீர்கள்.

நகரத்தை மூழ்கடிப்பது பெரும்பாலும் 24 மணி நேர மழையல்ல; 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரையிலான மழை. சீனாவின் செங்சோவில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. பெய்தது. நெதர்லாந்தின் டெ பில்ட் நிலையத்தின் மணிநேரப் பதிவுகளில், வெப்பமான நாட்களில் உச்ச மழை டிகிரிக்கு 7 அல்ல, 14 சதவீதம் வரை கூடுவதாக 2008இல் கண்டார்கள். மணிநேரப் பதிவு கிடைத்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் அதற்கும் செய்யுங்கள். கிடைக்காத ஊர்களே அதிகம். இன்று ஒரு தானியங்கி மானி வைத்து, 5 நிமிடத்துக்கு ஒரு முறை பதிந்து, மாதம் ஒரு முறை கிண்ணத்தைத் துடைத்து, பக்கத்தில் ஒரு சாதாரண மானியும் வைத்து ஒப்பிட்டு வாருங்கள். 30 ஆண்டு கழித்து ஒருவருக்கு அது தேவைப்படும்.

முடிவை எழுதும்போது தரையை மறக்காதீர்கள். ஒரு ஹெக்டேரில் மணிக்கு 60 மி.மீ. பெய்தால் அந்த ஒரு மணி நேரத்தில் விழுவது 6 லட்சம் லிட்டர். மண்ணும் மரமும் உள்ள இடத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குபோல ஓடிவரும். கான்கிரீட்டில் பத்தில் ஒன்பது. மழை 10 சதவீதம் கூடியிருக்கும், வெள்ளம் மூன்று மடங்காகியிருக்கும். இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். எது எவ்வளவு என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

அறிக்கையோடு நீங்கள் விட்டுவிட்ட ஆண்டுகளின் பட்டியல், ஒவ்வொன்றையும் ஏன் விட்டீர்கள் என்ற ஒரு வரி, நிலையம் இடம் மாறிய ஆண்டு, மானி மாறிய ஆண்டு, மூலப் பக்கங்களின் படங்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். அடுத்து வருபவர் உங்கள் கோட்டைச் சரிபார்க்க அவருக்கு முதலில் வேண்டியவை அவைதான்.